அமெரிக்கக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஃபுட்பால் அணிக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் ஆகஸ்ட் கடைசியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று, கல்லூரி விண்ணப்பப் பட்டியல். இன்னொன்று, சனிக்கிழமைதோறும் டிவியில் கல்லூரி ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்). "எனக்கு மிச்சிகன்தான் வேணும்" என்று பிள்ளை சொன்னால், அது அங்குள்ள பொறியியல் துறைக்காகவா, ஸ்டேடியத்துக்காகவா என்று பெற்றோருக்குப் பிடிபடாது. பல நேரம் பிள்ளைக்கே தெரிந்திருக்காது. "விளையாட்டைப் பார்த்தா காலேஜ்ல சேருவாங்க?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் பயன் தராது.

எங்கள் கணிப்பு இதுதான். அணி எவ்வளவு நன்றாக ஆடுகிறது என்பதைக் கடைசியில், மற்ற எல்லாம் ஏறத்தாழச் சமமாக நிற்கும்போது மட்டும் பார்க்கலாம். ஆனால் அந்த அணியால் மாணவருக்கு ஆகும் செலவையும், வளாக வாழ்க்கை மாறும் விதத்தையும் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். ஆட்டமே பிடிக்காத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

பட்டியலில் உள்ள கல்லூரி எந்த மட்டத்தில் ஆடுகிறது?

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள் உண்டு. டிவிஷன் ஒன்றுக்குள் ஃபுட்பால் மட்டும் எஃப்பிஎஸ் (மேல்தட்டு), எஃப்சிஎஸ் (அதற்கு அடுத்த தட்டு) என்று இரண்டாகப் பிரியும். டிவியில் நாம் பார்க்கும் பெரிய ஆட்டங்கள் எஃப்பிஎஸ். அதில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எஃப்சிஎஸ்ஸில் ஆடுகின்றன. எம்ஐடியும் சிகாகோ பல்கலைக்கழகமும் டிவிஷன் மூன்று. அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. நியூயார்க் பல்கலைக்கழகம், பாஸ்டன் பல்கலைக்கழகம், எமரி, கால்டெக், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ, இர்வைன் வளாகங்கள் ஆகியவற்றில் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியே இல்லை.

இந்த வேறுபாடு பெரியது. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். பென் ஸ்டேட்டின் ஸ்டேடியமும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். அது இருக்கும் ஊரின் மக்கள்தொகை அதில் பாதிகூட இல்லை. அங்கே ஆட்ட நாள் என்றால் ஊரே மாறிவிடும். டிவிஷன் மூன்று கல்லூரியில் பக்கத்து அறைத் தோழன் ஆடுவதைப் பார்க்கச் சில நூறு பேர் போவார்கள், அவ்வளவுதான்.

படிப்பின் தரத்துக்கும் அணியின் தரத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை, எதிர்த்தொடர்பும் இல்லை. பெர்க்லி, மிச்சிகன், ஜார்ஜியா டெக், பர்டியூ, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆகியவை பொறியியலிலும் முன்னணி, ஃபுட்பாலிலும் பெரிய மேடை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர் 1935இல், ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான முதல் ஹைஸ்மன் கோப்பையை வென்றார். அந்தப் பல்கலைக்கழகம் 1939இல் ஃபுட்பாலையே நிறுத்தியது. முப்பது ஆண்டுக்குப் பிறகு சிறிய அளவில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அதன் கல்விப் பெயர் குறையவில்லை.

கட்டணத்தைத் தோண்டிப் பாருங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடும் இடம் இது. பல அரசுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுத் துறைக்கென்று எல்லா மாணவரிடமும் கட்டாயக் கட்டணம் வாங்குகின்றன. ஆட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும்.

யார் அதிகம் வாங்குகிறார்கள் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. ஓஹையோ ஸ்டேட், டெக்சஸ் போன்ற மிகப் பெரிய அணிகள் டிவி ஒப்பந்தம், டிக்கெட், நன்கொடை ஆகியவற்றிலேயே ஓடிவிடும். மாணவர் கட்டணத்தை அவை பெரிதாக நம்பியில்லை. பெரிய கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் லீக்) இல்லாமல், ஆனால் அந்த மட்டத்தில் ஆட ஆசைப்படும் நடுத்தரக் கல்லூரிகளில்தான் சுமை மாணவர் தலையில் விழுகிறது. சில இடங்களில் இந்த ஒரு கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 2,000 டாலரைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுக்கு 8,000 டாலர். கடன் வாங்கிப் படித்தால் அதற்கு வட்டி வேறு.

செய்ய வேண்டியது இவ்வளவு:

1. கல்லூரி இணையதளத்தில் டியூஷன் (படிப்புக் கட்டணம்) பக்கத்தோடு நிற்காமல், கட்டாயக் கட்டணங்களின் பிரிவு வாரியான விவரத்தைத் தேடுங்கள். "அத்லெடிக்ஸ் ஃபீ" என்று தனியாக இருக்கலாம், "மாணவர் செயல்பாட்டுக் கட்டணம்" என்ற பெயருக்குள் ஒளிந்தும் இருக்கலாம். பிரிவு கிடைக்காவிட்டால் கட்டணம் வாங்கும் பர்சர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.
2. கடந்த மூன்று ஆண்டுகளில் அது எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். 2025இல் நீதிமன்றம் ஏற்ற ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அந்தப் பணத்தைத் திரட்டச் சில இடங்களில் மாணவர் கட்டணத்திலும் கை வைக்கிறார்கள்.
3. ஸ்காலர்ஷிப் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். "முழு டியூஷன்" என்றால் பெரும்பாலும் டியூஷன் மட்டுமே. இந்தக் கட்டணங்கள் அதற்கு வெளியே நிற்கும்.
4. கட்டணத்துக்குள் மாணவர் டிக்கெட் அடங்குமா, தனியே வாங்க வேண்டுமா, குலுக்கல் முறையா என்று கேளுங்கள்.

அமெரிக்கக் கல்வித் துறையின் ஈஏடிஏ தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டு வரவு செலவும் கிடைக்கும். அங்கே வரவும் செலவும் பல கல்லூரிகளுக்கு அச்சு அசலாகச் சமமாக இருக்கும். அதைப் பார்த்து "நட்டமில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து போடும் பணமும் மாணவர் கட்டணமும் அங்கே "வரவு" என்றே பதிவாகின்றன. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு நைட்-நியூஹவுஸ் தரவுத்தளம் மேலானது. மாணவர் கட்டணப் பங்கை அது தனியே பிரித்துக் காட்டும்.

அணியை மறைத்துவிட்டு ஒரு முறை வரிசைப்படுத்துங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். உதவித்தொகை கழித்தபின் குடும்பம் கட்டவேண்டிய தொகைக்கு 35, படிக்க விரும்பும் துறைக்கு 25, நான்கு ஆண்டில் பட்டம் முடிப்போர் விகிதத்துக்கு 15, ஊர், தூரம், தட்பவெப்பம் ஆகியவற்றுக்கு 15, வளாக வாழ்க்கைக்கு 10 என்று வையுங்கள். ஃபுட்பால் அந்தக் கடைசிப் பத்துக்குள் வரட்டும், அதிகபட்சம் 5. கட்டவேண்டிய தொகைக்குக் கல்லூரித் தளத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டரையும், மற்றவற்றுக்கு அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு, காலேஜ் நேவிகேட்டர் தளங்களையும் பாருங்கள். பட்டம் முடிப்போர் விகிதத்தில் ஆறு ஆண்டுக் கணக்கைவிட நான்கு ஆண்டுக் கணக்கை நம்புங்கள். ஐந்தாம் ஆண்டுக்கான பணத்தை யாரும் ஒதுக்கி வைத்திருப்பதில்லை.

துறை பற்றிய மதிப்பெண்ணில் ஓர் எச்சரிக்கை. பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற துறைகளுக்குச் சேரும்போதே இடம் கிடைத்தால்தான் உண்டு. உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்பது நடக்காது. பிடித்த அணியின் கல்லூரியில் "எப்படியாவது நுழைந்தால் போதும்" என்று வேறு துறையில் சேர்வது இந்தத் தேர்வில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

முதலில் ஃபுட்பால் கட்டத்தைக் காலியாக விட்டு வரிசையைப் பாருங்கள். பிறகு நிரப்புங்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கல்லூரிகள் இடம் மாறினால் பரவாயில்லை. ஐந்தாவதாக நின்றது முதலாவதாக வந்தால், அணிக்கு நீங்கள் அளவுக்கு மீறி இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனை டாலரில். முறையான சீசனில் ஓர் அணிக்கு 12 ஆட்டம். சொந்த ஊரில் பெரும்பாலும் ஆறோ ஏழோ. அணி இருக்கும் கல்லூரி ஆண்டுக்கு 6,000 டாலர் கூடுதல் என்றால், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 857 டாலர் கொடுக்கிறீர்கள். இந்த எண்ணைப் பிள்ளையிடம் சொல்லி, "இந்த விலைக்கு டிக்கெட் வாங்குவியா?" என்று கேளுங்கள். தகராறில்லாமல் பேச்சு நகரும். நான்கு ஆண்டில் மொத்தம் 28 சனிக்கிழமைகளைத் தாண்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பணத்தில் ஃபுட்பால் உதவும் இடமும் உண்டு. அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் 2007இல் பயிற்சியாளராக வந்தபோது மாணவர் எண்ணிக்கை சுமார் 25,000. பத்தாண்டில் 38,000ஐத் தாண்டியது. அணியின் புகழோடு, வெளிமாநிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பெரிய ஸ்காலர்ஷிப்களையும் அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்து ஈர்த்தது. இப்படிப்பட்ட கல்லூரிகளைப் "பார்ட்டி ஸ்கூல்" என்று ஒதுக்கும் முன் அவற்றின் தானியங்கி ஸ்காலர்ஷிப் (குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் தானாகக் கிடைப்பது) அட்டவணையைப் பாருங்கள். சொந்த மாநிலக் கல்லூரியைவிட மலிவாக முடிவதும் உண்டு.

வெற்றி நிலைக்காது

அதே சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். பயிற்சியாளர் மாறினால் அணி மாறும். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) வழியாக வீரர்களும் ஆண்டுதோறும் கல்லூரி மாறுகிறார்கள். பிள்ளை விண்ணப்பிக்கும்போது பார்க்கும் அணி, அவர் மூன்றாம் ஆண்டில் அமர்ந்து பார்க்கும் அணியாக இருக்காது. கான்ஃபரன்ஸும் நிலையில்லை: 2024இல் மேற்குக் கரையில் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸுக்குப் போயின, பக்கத்து மாநில ஆட்டத்துக்கு நண்பர்களோடு காரில் போய்வரலாம் என்ற எண்ணம் அங்கே இனி எளிதில் நடக்காது. பர்மிங்காமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் (சேபன் இருந்தது அல்ல, இது வேறு) 2014 டிசம்பரில் அணியையே கலைத்து, 2017இல் மீண்டும் களமிறக்கியது. ஆகவே மதிப்பெண் போடும்போது இந்த ஆண்டு வெற்றி தோல்வியைப் பார்க்காதீர்கள். அணி தோற்றாலும் ஸ்டேடியத்தில் மாணவர் உட்காரும் பகுதி நிரம்புகிறதா என்று பாருங்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் ஆட்டம் முழுவதும் மாணவர்கள் நின்றுகொண்டே இருப்பது மரபு. அதற்கும் அந்த ஆண்டு ஸ்கோருக்கும் தொடர்பில்லை.

வெற்றி இன்னொரு வகையில் உங்களைத் தொடும். சுமாரான அணி சிறந்த அணியாக உயரும்போது அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் சுமார் 18% கூடுகின்றன என்று ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த டக் சங் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே ஓர் அணி பெரிய சீசன் முடித்திருந்தால், அடுத்த சுற்றில் அந்தக் கல்லூரியை "நிச்சயம் கிடைக்கும்" பட்டியலில் வைக்காதீர்கள். பழைய ஆண்டின் சேர்க்கை விகிதம் அங்கே உதவாது.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. டியூக், நார்த்வெஸ்டர்ன், வாண்டர்பில்ட், ரைஸ் போன்ற தனியார் கல்லூரிகளின் ஏர்லி டிசிஷன் கெடு நவம்பர் முதல் வாரத்தில், சீசன் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற உறுதிமொழி அது. பெரிய வெற்றி கண்ட வார இறுதியில் அந்த முடிவை எடுக்காதீர்கள். செப்டம்பரில் நெட் பிரைஸ் கணக்குப் போட்டு எழுதி வைத்ததைக் கொண்டே முடிவு செய்யுங்கள்.

இரண்டு முறை போய்ப் பாருங்கள், ஒரு முறை ஆட்ட நாளில்

ஒரு சாதாரணச் செவ்வாய் அல்லது புதன்கிழமை. இன்னொன்று ஆட்டமுள்ள வார இறுதி. ஒன்றுக்குத்தான் வசதி என்றால் வகுப்பு நடக்கும் வார நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டமுள்ள சனிக்கிழமையில் பல கல்லூரிகள் வளாகச் சுற்றுலா நடத்துவதில்லை. துறை அலுவலகங்களும் மூடியிருக்கும். அன்று போனால் கோலாகலம் மட்டும்தான் கண்ணில் படும்.

ஆட்ட வார இறுதிக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஆட்ட நேரத்தை டிவி நிறுவனங்கள் முடிவு செய்கின்றன, பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்புதான் நேரம் தெரியும், சிலவற்றுக்கு 6 நாள் முன்புதான். இரவு ஆட்டம் முடிய பதினொரு மணி தாண்டும். சனிக்கிழமை மாலை விமானம் போடாதீர்கள். சிறிய ஊர்களில் ஹோட்டல் பல மடங்கு விலை ஏறும், இரண்டு இரவுக்குக் குறைந்து தரமாட்டார்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் 12 × 6 × 12 அங்குலத்துக்கு உட்பட்ட, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை மட்டுமே அனுமதி. தாத்தா பாட்டியின் மருந்துப் பையைக் கொண்டுபோவதாக இருந்தால் மருத்துவக் காரணத்துக்கான நுழைவாயில் எது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

அங்கே போனதும் ஸ்கோரை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். முதலாண்டு விடுதிகள் ஸ்டேடியத்துக்கு எவ்வளவு பக்கம்? நூலகம் திறந்திருக்கிறதா, அதற்குள் சத்தம் எட்டுகிறதா? மாணவர் கார்களை வெள்ளிக்கிழமை மாலையே வேறு இடத்துக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்களா? ஆட்டத்துக்குப் போகாத மாணவர்கள் அன்று என்ன செய்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். "போகாதவங்க யாருமே இல்லை" என்று பதில் வந்தால், ஆட்டம் பிடிக்காத பிள்ளைக்கு அந்த வளாகம் இலையுதிர் காலம் முழுவதும் தனிமையாக இருக்கும்.

பாதுகாப்பும் படிப்பும்

இதைப் பிள்ளையோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். டிவிஷன் ஒன்று ஆட்ட நாள்களில் 17 முதல் 24 வயதுப் பெண்கள் மீதான பாலியல் வன்முறைப் புகார்கள் 28% கூடுகின்றன என்று 2018இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று கண்டது. காரணம் ஆட்டத்தைவிட, அதைச் சுற்றி நாள் முழுக்க ஓடும் குடி. வளாகக் குற்றங்களை வெளியிடச் சொல்லும் கிளெரி சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் அக்டோபர் 1க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். அதில் மூன்று ஆண்டுக் குற்ற எண்ணிக்கையும் மது தொடர்பான நடவடிக்கைகளும் இருக்கும். எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே மோசமான இடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் கொடுக்க எளிதாக இருக்கும் இடத்திலும் எண் கூடும். இரவில் விடுதிக்கு அழைத்துவரும் வண்டி உண்டா, அளவுக்கு மீறிக் குடித்த நண்பனுக்காக ஆம்புலன்ஸ் கூப்பிடும் மாணவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது விதி உயிர் காக்கும்.

படிப்புப் பக்கம், ஓரிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், அணி வெல்லும் பருவங்களில் மாணவிகளோடு ஒப்பிடும்போது மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. அணி வென்றால் தங்கள் படிப்பு நேரம் குறைகிறது என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் 24%, பெண்கள் 9%. முதல் பருவத்திலேயே கடினமான பாடம் எடுக்கும் பிள்ளை, பாடத்திட்டத்தில் தேர்வுத் தேதிகளையும் சொந்த ஊர் ஆட்டத் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறிக்கட்டும். திங்கள் தேர்வுக்கு முந்தைய சனியன்று ஆட்டம் இருந்தால், வெள்ளி மாலையே படிப்பை முடிக்கத் திட்டமிட வேண்டும்.

யாருக்குக் கூடுதல் மதிப்பெண்?

ஸ்டேடியத்தில் வேலை இருக்கும் பிள்ளைக்கு. மார்ச்சிங் பேண்டில் (ஆட்டத்தின்போது மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் இசைக்குழு) வாசிக்க விரும்புவோர், விளையாட்டு மருத்துவம், ஒளிபரப்பு, விளையாட்டுத் தரவு ஆய்வு ஆகியவற்றுக்குப் போக நினைப்போர், அணி மேலாளராக உழைக்க ஆசைப்படுவோர் ஆகியோருக்கு 5ஐ 10 ஆக்கலாம். பத்தாயிரக்கணக்கான மாணவர் உள்ள வளாகத்தில் தானாக நட்பு பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு, பேண்ட் முதல் வாரத்திலேயே ஒரு கூட்டத்தைக் கொடுத்துவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விவரம் பாருங்கள்: ஓஹையோ ஸ்டேட்டின் புகழ்பெற்ற மார்ச்சிங் பேண்டில் பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டுமே. கிளாரினெட், புல்லாங்குழல் வாசிக்கும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

இந்தியாவிலிருந்து எம்எஸ் படிக்க வருவோர் அணிக்குப் பூஜ்யமே கொடுக்கலாம். தமிழ் மாணவர்கள் அதிகம் சேரும் ஆர்லிங்டன் டெக்சஸ் பல்கலைக்கழகம் 1985 சீசனோடும், நார்த்ஈஸ்டர்ன் 2009 சீசனோடும் ஃபுட்பாலை விட்டுவிட்டன. படிப்புக்கோ வேலைக்கோ அதனால் குறைவில்லை. ஆனால் விளையாட்டுக் கட்டணம் முதுகலை மாணவருக்கும் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேடியக் கடைகளில் பகுதிநேர வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் சேரக் கூடாது. அந்தக் கடைகளை வெளி ஒப்பந்த நிறுவனம் நடத்தினால், அது வளாக வேலையாகக் கணக்கில் வராமல் போகலாம்.

பிள்ளையே ஃபுட்பால் வீரர் என்றால் கணக்கு வேறு. டிவிஷன் ஒன்றுக்கு உயர்நிலைப் பள்ளியில் 16 மையப் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்றவை) அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏ சராசரியும் வேண்டும். அதற்குமேல் ஒரே கேள்வி: முதல் மாதமே முழங்கால் போய், அழைத்த பயிற்சியாளரும் கிளம்பிவிட்டால், இந்தக் கல்லூரியில் இந்தத் துறையில் தொடர்ந்து படிப்பாரா? "ஆம்" என்று வந்தால் மட்டும் கையெழுத்து.

முடிவு செய்தபின்

பெரும்பாலான கல்லூரிகளில் மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும். அணி முக்கியம் என்று தேர்ந்தெடுத்திருந்தால் அதோடு வேலை முடியாது. மாணவர் டிக்கெட் விற்பனைத் தேதி கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும். கணக்கு கிடைத்த அன்றே அதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். புகழ்பெற்ற அணிகளில் மாணவர் பங்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். பேண்ட் தேர்வுக்கான பதிவு பல இடங்களில் வசந்த காலத்திலேயே தொடங்குகிறது, பயிற்சி முகாம் வகுப்புகளுக்கு முன்பே ஆகஸ்டில் நடக்கும். விடுதிக்குள் முன்கூட்டியே போக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பெற்றோர் வார இறுதி பெரும்பாலும் ஓர் ஆட்டத்தோடுதான் வைக்கப்படும். பிள்ளையோடு நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டுமென்றால், அட்டவணையில் அணி வெளியூர் போகும் வாரத்தைப் பார்த்து, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் அறையைக் கோடையிலேயே பதிந்துவிடுங்கள்.